தர்பூசணி: உடம்புக்கு என்ன செய்கிறது, யாருக்கு எவ்வளவு?

வெயில்பறவை:

வணக்கம் நண்பர்களே. கோடை தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் தர்பூசணி இல்லாத நாளே இல்லை. அப்பாவுக்கு சுகர், மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு பிபி. எனக்கு வெயிலில் அலைகிற வேலை. மூன்று பேரும் ஒரே பழத்தைத்தான் வெட்டிச் சாப்பிடுகிறோம். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி ஒத்துக்கொள்ளுமா என்பதுதான் சந்தேகம்.

உறவினர் வாட்ஸப் குழுவில் தினமும் ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. பிபிக்கு இதைவிட மருந்தே இல்லை என்று ஒன்று. சுகர் உள்ளவர்கள் தொடவே கூடாது என்று அடுத்த நாளே இன்னொன்று. ஊசி போட்டுச் சாயம் ஏற்றுகிறார்கள் என்று ஒரு வீடியோ. அப்பா பயந்துபோய் நிறுத்தியே விட்டார். அவருக்கு ரொம்பப் பிடித்த பழம் என்பதால் மனசு கேட்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நன்மையையும் சொல்லுங்கள், அளவையும் சொல்லுங்கள்.

அளவுகோல்:

நான் உணவியல் படித்து அந்தத் துறையிலேயே இருக்கிறேன். பழத்துக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் பாதிச் சந்தேகம் தானாகத் தீரும்.

100 கிராம் சதையில் 91 கிராமுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர். கார்போஹைட்ரேட் ஏழரை கிராம், அதில் சர்க்கரை ஆறு கிராம் சொச்சம். மொத்தம் 30 கலோரிதான். வைட்டமின் சி 8 மில்லிகிராம், பொட்டாசியம் 112 மில்லிகிராம், மெக்னீசியம் 10 மில்லிகிராம். சோடியம் ஒரே ஒரு மில்லிகிராம். நார்ச்சத்து 0.4 கிராம், அதாவது இல்லை என்றே சொல்லலாம். தர்பூசணியில் நார்ச்சத்து நிறைய, மலச்சிக்கல் போகும் என்று எழுதுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். மலம் இளகுவது உண்டு, அதற்குத் தண்ணீரும் ஃப்ரக்டோஸ் என்கிற பழச் சர்க்கரையும் காரணம்.

நாம் உட்கார்ந்தால் 100 கிராமோடு எழுந்திருப்பதில்லை. 300 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 கலோரி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர், ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் சி-யில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கிடைத்துவிடும். வயிறு நிறைந்த உணர்வும் வரும். இனிப்புக்கு நாக்கு ஏங்குகிற நேரத்தில் பிஸ்கட்டுக்குப் பதில் இதை எடுப்பதுதான் என் பார்வையில் இந்தப் பழத்தின் மிகப் பெரிய நன்மை. 2019-ல் அமெரிக்காவில் உடல் எடை கூடிய 33 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். நான்கு வாரம் தினமும் இரண்டு கப் தர்பூசணி, இன்னொரு நான்கு வாரம் அதே கலோரி அளவுக்குக் கொழுப்பு குறைந்த பிஸ்கட். தர்பூசணி சாப்பிட்ட வாரங்களில் எடையும் மேல் ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கின. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது தர்பூசணி விற்பனையை வளர்க்கும் வாரியம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆட்களும் குறைவு. ஆனாலும் பிஸ்கட்டை விட்டுப் பழத்துக்கு மாறினால் உடம்புக்கு நல்லது என்பதை நம்ப எனக்கு அந்த ஆய்வு தேவையில்லை.

நடைப்பயணி:

தண்ணீரும் கொஞ்சம் சர்க்கரையும்தான் என்றால், தண்ணீரையே குடித்துவிட்டுப் போகலாமே? பழத்துக்கென்று தனியாக என்ன இருக்கிறது?

அளவுகோல்:

நல்ல கேள்வி. இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று லைக்கோபீன், இன்னொன்று சிட்ருலின்.

அந்தச் சிவப்பு நிறமே லைக்கோபீன்தான். 100 கிராமில் சுமார் நாலரை மில்லிகிராம் இருக்கிறது. பச்சைத் தக்காளியில், அதாவது சமைக்காத தக்காளியில், இரண்டரை மில்லிகிராம்தான். தக்காளியை வேகவைத்தால்தான் அதிலிருக்கும் லைக்கோபீன் உடம்புக்குச் சுலபமாகக் கிடைக்கும். தர்பூசணிக்கு அந்த வேலை இல்லை, வெட்டிச் சாப்பிட்டாலே உடம்பு எடுத்துக்கொள்கிறது. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் கூடவே நாலு நிலக்கடலையோ பாதாமோ இருந்தால் இன்னும் நல்லது. சதை மஞ்சளாக இருக்கும் ரகங்களில் லைக்கோபீன் கிட்டத்தட்ட இருக்காது, ஆரஞ்சு நிற ரகங்களில் வேறு வகைக் கரோட்டின்கள் இருக்கும்.

லைக்கோபீன் செல்களில் ஏற்படும் ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தது. இங்கே ஒரு எல்லைக்கோடு போட வேண்டும். லைக்கோபீன் நிறைந்த உணவைச் சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோயும் ப்ராஸ்டேட் புற்றுநோயும் குறைவாக இருப்பதாகச் சில கணக்கெடுப்புகள் காட்டின. அப்படிச் சாப்பிடுகிறவர்கள் பொதுவாகவே காய்கறி பழம் அதிகம் எடுப்பவர்களாக இருப்பார்கள், அதனால் எது காரணம் என்று பிரிப்பது கஷ்டம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-ல் இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, லைக்கோபீன் புற்றுநோயைத் தடுக்கும் என்று சொல்ல நம்பகமான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. எனவே புற்றுநோய்க்குத் தர்பூசணி என்று யாராவது எழுதினால் தயவுசெய்து பரப்பாதீர்கள். நோயோடு போராடுகிறவர் கண்ணில் அது பட்டு, அவர் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

சிட்ருலின் பற்றி வேறு யாராவது எழுதுங்கள், நான் சுகர் கேள்விக்கு வருகிறேன்.

தாமரைஇலை:

சுகர் பற்றி எழுதுவதற்கு முன் என் சந்தேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம். தர்பூசணியின் கிளைசெமிக் இண்டெக்ஸ், அதாவது ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்கிற எண், 72 என்று படித்தேன். 70-க்கு மேல் போனாலே அதிகம் என்கிறார்கள். அப்படியானால் ஆகாது என்பது சரிதானே?

அளவுகோல்:

எண் சரி, அதை வைத்து எடுக்கிற முடிவுதான் சரியில்லை. 72 என்பது பல காலமாகப் பட்டியல்களில் இருக்கிற எண். பிறகு வந்த சில அளவீடுகளில் இதைவிடக் குறைவாகவும் வந்திருக்கிறது. போகட்டும், 72 என்றே வைத்துக்கொள்வோம்.

கிளைசெமிக் இண்டெக்ஸை எப்படி அளக்கிறார்கள் என்று பாருங்கள். எந்த உணவாக இருந்தாலும், அதில் 50 கிராம் கார்போஹைட்ரேட் வருகிற அளவுக்குக் கொடுத்து, இரண்டு மணி நேரம் ரத்தச் சர்க்கரையைப் பார்ப்பார்கள். ரொட்டி என்றால் சுமார் 100 கிராமிலேயே 50 கிராம் வந்துவிடும். தர்பூசணியில் அவ்வளவு வரவேண்டுமானால் ஏறக்குறைய 700 கிராம் சதை சாப்பிட வேண்டும். அத்தனையையும் ஒரே மூச்சில் சாப்பிட்டவருக்கு வந்த எண்தான் 72. இரண்டு துண்டு சாப்பிடுகிறவருக்கு அது பொருந்தாது.

அதனால்தான் கிளைசெமிக் லோடு என்று இன்னொரு கணக்கு இருக்கிறது. நாம் சாப்பிட்ட அளவில் இருக்கும் கார்போஹைட்ரேட்டை இண்டெக்ஸால் பெருக்கி 100-ஆல் வகுப்பது. 10 வரை குறைவு, 20-ஐ எட்டினால் அதிகம். 150 கிராம் தர்பூசணிக்கு இது சுமார் 8 வரும். அதே பழத்தை அரைக் கிலோ சாப்பிட்டால் 25-ஐத் தாண்டிவிடும். பாருங்கள், ஒரே பழம், ஒரே ஆள். அளவு மாறினால் கதையே மாறிவிடுகிறது.

வெயில்பறவை, உங்கள் அப்பாவுக்கு 150 கிராம் தாராளமாகக் கொடுக்கலாம். சாப்பாடு முடிந்த கையோடு கொடுக்காதீர்கள், சோற்றின் கார்போஹைட்ரேட்டோடு சேர்ந்துகொள்ளும். இரண்டு வேளைக்கு நடுவே, ஒரு கைப்பிடி கடலையோ பாதாமோ சேர்த்துக் கொடுங்கள். வேறு பழம் அன்றைக்கு வேண்டாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிடுவதற்கு முன் ஒரு முறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பாருங்கள். அவர் உடம்பு என்ன சொல்கிறது என்பது எந்தப் பட்டியலையும்விட முக்கியம். சர்க்கரை கட்டுக்குள் வராமல் மேலேயே நிற்கிறவர்கள் மட்டும் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூஸ் மட்டும் வேண்டாம். நார்ச்சத்து போய்விடும் என்று வழக்கமாகச் சொல்வார்கள், இந்தப் பழத்தில் போவதற்கு நார்ச்சத்தே இல்லை. பிரச்சினை வேகமும் அளவும். ஒரு டம்ளர் ஜூஸில் 350, 400 கிராம் பழம் அடங்கிவிடும், ஒரு நிமிஷத்தில் குடித்தும் விடுவோம். மென்று சாப்பிட்டால் பாதியிலேயே போதும் என்று தோன்றும். மேலே சர்க்கரை வேறு போட்டுக் குடித்தால் சொல்ல வேண்டியதே இல்லை.

வெயில்பறவை:

மேடம், படித்ததும் சமையலறைத் தராசை எடுத்துவந்து நிறுத்தே பார்த்துவிட்டேன். நாங்கள் வழக்கமாக வெட்டுகிற ஒரு பெரிய கீற்று, தோலைச் சீவிய பிறகும் முந்நூறு கிராமுக்குக் கிட்டே இருக்கிறது. அப்பா ஒரே நேரத்தில் அப்படி இரண்டு சாப்பிடுவார். சிறு துண்டுகளாக நறுக்கினால் ஒரு சாதாரணக் கப் நிறைய 150 கிராம் வருகிறது. இனி அந்தக் கப்தான் அவருக்கு. ரொம்ப நன்றி.

செந்நாரை:

சிட்ருலின் பற்றி நான் எழுதுகிறேன். உடலியல் பாடம் நடத்துகிறவன் என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிட்ருலின் ஒரு அமினோ அமிலம். 1914-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைத் தர்பூசணியிலிருந்துதான் முதலில் பிரித்தெடுத்தார்கள். இயற்கை உணவுகளில் இந்த அளவுக்கு இதைக் கொண்டது வேறு ஒன்றைச் சொல்வது கஷ்டம். நாம் சாப்பிட்டதும் இது கல்லீரலில் மாட்டிக்கொள்ளாமல் ரத்தத்துக்குப் போகிறது. சிறுநீரகம் அதை ஆர்ஜினைனாக மாற்றுகிறது. ரத்தக் குழாயின் உள்சுவர் அந்த ஆர்ஜினைனிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்குகிறது. அது குழாயின் தசையைத் தளர்த்தி விரியச் செய்யும், அழுத்தம் இறங்கும். இப்படி ஒரு வாயு உடம்புக்குள் சேதி சொல்லும் வேலை பார்க்கிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-ல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள்.

ஆர்ஜினைனையே நேரடியாகச் சாப்பிட்டால் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். குடலும் கல்லீரலும் அதில் பெரும்பகுதியை உடைத்துவிடும். சிட்ருலின் அந்தக் காவலைத் தாண்டிப் போகிறது என்பதுதான் இதில் அழகு.

செடிக்கு இது எதற்கு என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் வளரும் காட்டுத் தர்பூசணி, கடும் வறட்சியில் தன் இலைகளில் சிட்ருலினைச் சேர்த்துவைக்கிறது. வெயிலாலும் தண்ணீர்ப் பஞ்சத்தாலும் இலைக்குள் உண்டாகும் தீவிரமான ஆக்சிஜன் மூலக்கூறுகளிலிருந்து அது செடியைக் காக்கிறது. நம் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் தடையில்லாமல் ஓட உதவுகிற பொருள், அங்கே ஒரு கொடியைப் பாலைவனத்தில் பிழைக்க வைக்கிறது. ஒவ்வொரு வருடமும் வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கு மெய்சிலிர்க்கும்.

சரி, பிபிக்கு வருவோம். தர்பூசணிச் சாறு குடித்தவர்களின் ரத்தத்தில் ஆர்ஜினைன் கூடுகிறது என்பது அளந்து பார்த்த விஷயம். தர்பூசணிச் சத்தை எடுத்துக் கொடுத்த சில சிறிய ஆய்வுகளில் பிபி கொஞ்சம் இறங்கியும் இருக்கிறது. அந்த ஆய்வுகளில் கொடுத்த சிட்ருலின் நாளைக்கு மூன்று கிராம், ஆறு கிராம் என்ற அளவில் இருந்தது. பழத்தில் ஒரு கிலோவுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் வரைதான் இருக்கும், ரகத்துக்கு ரகம் மாறும். மூன்று கிராம் வேண்டுமானால் ஒன்றரையிலிருந்து மூன்று கிலோ சாப்பிட வேண்டும். நடக்கிற காரியமா? அதனால் அம்மா பிபி மாத்திரையைத் தொடரட்டும், பழத்தையும் சாப்பிடட்டும். பழம் சாப்பிடுகிறோமே என்று மாத்திரையைக் குறைப்பது மட்டும் கூடாது.

2008-ல் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகச் செய்திக்குறிப்பை வைத்து, தர்பூசணி வயாகராவுக்குச் சமம் என்று உலகமெங்கும் எழுதினார்கள். இன்றைக்கும் சுற்றுகிறது. அடிப்படை இதே நைட்ரிக் ஆக்சைடுதான், ஆனால் அந்த மாத்திரையின் வேலையை ஒரு தட்டுப் பழம் செய்யாது. அந்தப் பிரச்சினை உள்ளவர்கள் கூச்சப்படாமல் டாக்டரைப் பாருங்கள். சில நேரம் அது இதயக் குழாய் அடைப்பின் முதல் அறிகுறியாகக்கூட இருக்கும்.

மைக்ரேன் தலைவலி உள்ளவர்களில் சிலருக்கு இதே காரணத்தால் தர்பூசணி சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் தலைவலி கிளம்புவதும் உண்டு. அப்படி ஒன்று கவனத்துக்கு வந்தால் தவிர்த்துவிடுங்கள்.

ஓட்டக்காரன்:

நீண்ட தூரம் ஓடுகிறவன் நான். ஓட்டத்துக்கு மறுநாள் தொடைவலி குறையும் என்று இதைக் குடிக்கிறவர்கள் எங்கள் குழுவில் நிறையப் பேர். ஸ்பெயினில் ஏழு விளையாட்டு வீரர்களுக்கு அரை லிட்டர் தர்பூசணிச் சாறு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-ல் வந்தது, ஒரு நாள் கழித்து வலி குறைந்திருந்தது என்றார்கள். ஏழே பேர் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஓடி முடித்ததும் சில்லென்று இரண்டு துண்டு உள்ளே போவது சுகம், அதற்காகவே சாப்பிடுகிறேன்.

வெயிலில் வேலை பார்க்கிற வெயில்பறவைக்கு ஒன்று சொல்ல வேண்டும். வியர்வையில் போவது தண்ணீர் மட்டும் இல்லை, உப்பும் போகிறது. ஆளைப் பொறுத்து ஒரு லிட்டர் வியர்வையில் அரை கிராம் முதல் ஒன்றரை கிராம் வரை சோடியம் போகலாம். தர்பூசணியில் 100 கிராமுக்குச் சோடியம் ஒரே ஒரு மில்லிகிராம் என்று மேலே மேடம் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். மணிக்கணக்கில் வியர்த்துவிட்டு வெறும் தர்பூசணியும் தண்ணீருமாக உள்ளே தள்ளினால் தலை கிறுகிறுப்பு நிற்காது. பிபி இல்லாதவர் என்றால் பழத்தின் மேல் ஒரு சிட்டிகை உப்பு தூவிக்கொள்ளுங்கள், அல்லது உப்புள்ள உணவு ஏதாவது கூடச் சாப்பிடுங்கள்.

மழைத்துளி:

சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பில் தண்ணீர் குறையக்கூடாது என்று தர்பூசணி ஜூஸ் கொடுக்கலாமா? பக்கத்து வீட்டு அக்கா கொடுக்கச் சொன்னார்கள்.

அளவுகோல்:

வேண்டாம் மழைத்துளி, இதில் யோசனையே வேண்டாம். வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ்தான். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையில் ஒரு லிட்டருக்குச் சுமார் 1.7 கிராம் சோடியம் இருக்கிறது. ஒரு கிலோ தர்பூசணியில் 10 மில்லிகிராம். இழந்த உப்பு இதிலிருந்து திரும்ப வராது. மேலும் இந்தப் பழத்தில் குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் இரண்டு மடங்கு. உறிஞ்சப்படாத ஃப்ரக்டோஸ் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், போக்கு இன்னும் கூடும். பிள்ளை தேறி நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு கொடுங்கள்.

ஐபிஎஸ் என்கிற எரிச்சல் குடல் உள்ளவர்களுக்கும் இதே ஃப்ரக்டோஸ்தான் தொல்லை. வயிறு உப்புசம், கடமுடா சத்தம், அவசரமாகக் கழிப்பறைக்கு ஓடுவது எல்லாம் வரும். அவர்களுக்கு ஒரு கப்பே அதிகமாக இருக்கலாம்.

இரவுப்பணி:

இந்த இழையில் இன்னும் யாரும் சொல்லாத விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றுதான் கணக்குத் திறந்து எழுதுகிறேன். நான் டயாலிசிஸ் பிரிவில் செவிலியர்.

100 கிராமுக்கு 112 மில்லிகிராம் பொட்டாசியம் என்பது பார்வைக்குச் சின்ன எண். வாழைப்பழத்தில் இதைப்போல மூன்று மடங்கு. அதனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வாழைப்பழத்தைப் பயந்து ஒதுக்கிவிட்டு, இது வெறும் தண்ணீர்ப் பழம்தானே என்று தர்பூசணியைத் தட்டு நிறைய சாப்பிடுகிறார்கள். அரைக் கிலோ உள்ளே போனால் 560 மில்லிகிராம். நல்ல சிறுநீரகம் அதைச் சில மணி நேரத்தில் வெளியே அனுப்பிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் முதலில் கை கால் தளர்ந்தாற்போல் இருக்கும், பலருக்கு அதுகூடத் தெரியாது, நேராக இதயத் துடிப்பில்தான் காட்டும். இதயம் நின்றுபோகிற அளவுக்குப் போகும்.

கோடையில் எங்களுக்கு இது தெரிந்த காட்சி. வார இறுதி இடைவெளி முடிந்து வருகிற நோயாளியை எடை மெஷினில் ஏற்றினால் வழக்கத்தைவிட இரண்டு, மூன்று கிலோ கூடியிருக்கும். கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் பள்ளம் விழுந்து நிற்கும். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் தயங்கித் தயங்கி, தாகம் தாங்கவில்லைம்மா, கொஞ்சம் தர்பூசணி சாப்பிட்டேன் என்பார்கள். அவர்களைக் கோபிக்க மனசு வராது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து குடிக்கிறவர்களின் தாகம் நமக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பழம் முழுக்கத் தண்ணீர், அதையும் அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒன்றிரண்டு சின்னத் துண்டு சாப்பிடலாமா என்பதைக்கூட அவரவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர்களுக்கு இதே பொட்டாசியம் பிபிக்கு நல்லது. பெரியவர்களுக்கு நாளைக்குக் குறைந்தது 3510 மில்லிகிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, நம்மில் பலர் அதை எட்டுவதில்லை. வெயில்பறவை, அம்மாவுக்கு என்ன மாத்திரை? ராமிப்ரில், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவை பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான க்ரியேட்டினின் சரியாக இருந்தால் ஒரு கப் தர்பூசணிக்குப் பயப்பட வேண்டாம். அதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று மட்டும் கவனியுங்கள். அப்பாவுக்கும் சுகர் இருப்பதால் அவருக்கும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

வெயில்பறவை:

அக்கா, கை நடுங்கிவிட்டது படிக்கும்போது. அம்மா சாப்பிடுவது டெல்மிசார்டான்தான். க்ரியேட்டினின் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த வாரமே இருவருக்கும் எடுத்துவிடுகிறேன்.

இரவுப்பணி:

பதற்றம் வேண்டாம் தம்பி. பெரும்பாலானவர்களுக்குச் சரியாகவே இருக்கும். தெரிந்துவைத்துக்கொண்டு சாப்பிட்டால் நிம்மதியாகச் சாப்பிடலாம், அவ்வளவுதான்.

கொடிக்கால்:

நான் தர்பூசணி பயிர் செய்கிறவன். ஊசிச் சாயம் பற்றிச் சொல்லாமல் போக மனசு ஒப்பவில்லை. அந்த வீடியோ ஒன்று போதும், மாதக்கணக்கில் உழைத்தது கொடியிலேயே கிடந்து அழுகும்.

பழத்தில் ஊசி குத்தினால் குத்திய இடம் ஆறாது. அந்த ஓட்டை வழியாகச் சாறு கசியும், கிருமி உள்ளே போகும், வெயில் காலத்தில் வெகு சீக்கிரம் புளித்து வாடை வந்துவிடும். குத்திய சாயமும் பழம் முழுக்கச் சமமாகப் பரவாது, அங்கங்கே திட்டாக நிற்கும். ஒவ்வொரு பழமாக உட்கார்ந்து இதைச் செய்து, கெட்டுப்போவதற்குள் விற்று லாபம் பார்ப்பது எப்படி? துண்டின் மேல் வெள்ளைத் துணியை அழுத்தினால் சிவப்பு ஒட்டுகிறது, அதனால் கலப்படம் என்கிறார்கள். பழச் சாறு பட்டால் இளஞ்சிவப்பாக ஒட்டத்தான் செய்யும். துணியில் அடர்த்தியாக, பளிச்சென்று நிறம் ஏறினால் சந்தேகப்படலாம். அது வெட்டி வைத்த துண்டிலும், ஜூஸிலும்தான் நடக்க வழியிருக்கிறது. முழுப் பழமாக வாங்கி வீட்டில் வெட்டுங்கள், தீர்ந்தது.

உள்ளே பிளந்து குழி விழுந்திருந்தால் மருந்து அடித்த பழம் என்றும் ஒரு பேச்சு. பூவில் மகரந்தம் சரியாகச் சேராவிட்டாலோ, பழம் திடீரென்று வேகமாகப் பெருத்தாலோ அப்படிப் பிளக்கும். தாராளமாகச் சாப்பிடலாம். கசந்தால் மட்டும் துப்பிவிடுங்கள். வெள்ளரி, சுரை, பூசணி இனத்தில் எது கசந்தாலும் அதில் குக்கர்பிட்டசின் என்ற கசப்பு நச்சு இருக்கிறது என்று அர்த்தம், வாந்தி பேதி ஆகிவிடும்.

பயப்பட வேண்டியது எதற்கு என்றும் சொல்கிறேன். 1985-ல் கலிஃபோர்னியாவில் தர்பூசணி சாப்பிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விஷமேறி விழுந்தார்கள். ஆல்டிகார்ப் என்ற பூச்சிமருந்து, தர்பூசணிக்கு அனுமதியே இல்லாதது. அது வேர் வழியாக ஏறிப் பழத்துக்குள் போய்விடும், எவ்வளவு கழுவினாலும் போகாது. அனுமதி இல்லாத மருந்தை அடிக்காமல் இருப்பதும், அடித்தபின் விட வேண்டிய நாளை விட்டு அறுப்பதும் எங்கள் கையில்தான் இருக்கிறது. சாயத்தைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் இதைக் கேளுங்கள், சோதனை செய்யச் சொல்லுங்கள்.

நல்ல பழம் எடுக்கத் தரையில் படுத்திருந்த பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் பிஞ்சில் அறுத்தது, வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் முதிர்ந்தது. கையில் தூக்கினால் பார்வைக்குத் தெரிவதைவிடக் கனமாக இருக்க வேண்டும். அறுத்த பிறகு இனிப்பு ஏறாது, எத்தனை நாள் வைத்திருந்தாலும் அதே இனிப்புதான்.

அளவுகோல்:

கொடிக்கால் ஐயா சொன்னதற்கு ஒரு துணுக்கு சேர்க்கிறேன். இனிப்பு ஏறாது, ஆனால் நிறம் ஏறும். முழுப் பழத்தை 21 டிகிரியில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்ததில் லைக்கோபீன் 11 முதல் 40 சதவீதம் வரை கூடியதாக அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2006-ல் எழுதினார்கள். வெட்டாத பழத்தை ஃப்ரிட்ஜில் திணிக்க வேண்டாம், நிழலான இடம் போதும்.

வெட்டிவிட்டால் சட்டம் வேறு. இந்தப் பழத்தில் புளிப்பு மிகக் குறைவு, ஈரமும் இனிப்பும் நிறைய, கிருமி வளர இதைவிட வசதி வேண்டாம். 2018-ல் அமெரிக்காவில் கடைகளில் வெட்டி அடைத்து விற்ற தர்பூசணி, முலாம்பழத் துண்டுகளால் பல மாநிலங்களில் சால்மோனெல்லா பரவியது. தோலில் இருக்கும் கிருமியைக் கத்திதான் சதைக்குள் கொண்டுபோகிறது. எனவே வெட்டுவதற்கு முன் தோலை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். தோலை வீசப்போகிறோமே, எதற்குக் கழுவ வேண்டும் என்று விட்டுவிடுகிறோம். வெட்டியதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள், மூடி ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். கர்ப்பிணிகள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். புதிதாக வெட்டியது அவர்களுக்கு நல்ல பழம்தான், கர்ப்பகால சுகர் இருந்தால் அதே 150 கிராம் கணக்கு.

மழைத்துளி:

சாப்பிட்டவுடன் தண்ணீர் குடிக்கக் கூடாது, இரவில் சாப்பிடக் கூடாது, சளி பிடிக்கும் என்கிறார்களே?

அளவுகோல்:

தண்ணீர் குடித்தால் வயிறு இன்னும் நிறைந்து அசௌகரியமாக இருக்கும், விஷமாகிவிடாது. சளிக்குக் காரணம் வைரஸ். இரவில் தடை ஒன்றும் இல்லை, நடுராத்திரி எழுந்து சிறுநீர் கழிக்கப் போக வேண்டியிருக்கும். வயதானவர்கள் அரைத் தூக்கத்தில் இருட்டில் எழுந்து நடப்பதுதான் ஆபத்து, அவர்களுக்கு மாலைக்குள் கொடுத்துவிடுங்கள்.

சாப்பிட்டதும் உதடும் தொண்டையும் அரித்தால் அது ஒவ்வாமை. சில மகரந்தங்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தப் பழத்தாலும் வரும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை.

தாமரைஇலை:

விதையும் தோலும் மிச்சம். என் மகன் விதையை முழுங்கிவிட்டு வயிற்றில் கொடி முளைக்குமா என்று கேட்கிறான்.

செந்நாரை:

முளைக்காது என்று தைரியம் சொல்லுங்கள். அப்படியே வெளியே வந்துவிடும். ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் விதை எடுத்துவிட்டுக் கொடுங்கள், மூச்சுக்குழாயில் சிக்கக்கூடாது. கைநிறைய விதையை மெல்லாமல் விழுங்கினால் மலக்குடலில் சேர்ந்து அடைத்துக்கொள்வதும் பிள்ளைகளிடம் எப்போதாவது நடக்கிறது. உலர்த்தி, ஓடு நீக்கி வறுத்த பருப்பு வேறு விஷயம். 100 கிராமில் 28 கிராம் புரதம், 500 மில்லிகிராமுக்கு மேல் மெக்னீசியம். கொழுப்பும் பாதிக்குக் கிட்டே இருப்பதால் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தோலில்தான் சிட்ருலின் கொட்டிக்கிடக்கிறது என்று எழுதுகிறார்கள். உலர வைத்து அளந்தால் தோலில் அதிகம். ஈரத்தோடு அப்படியே அளந்தால் சதையில்தான் கொஞ்சம் அதிகம். பச்சைத் தோலைச் சீவிவிட்டு உள்வெள்ளையை மற்ற நீர்க்காய்களைப் போலச் சமைக்கலாம், சர்க்கரை குறைவு, அப்பாவுக்கும் ஆகும்.

வெயில்பறவை:

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அம்மா, அப்பா இருவருக்கும் க்ரியேட்டினினும் பொட்டாசியமும் இயல்பான அளவில்தான் இருக்கின்றன. டாக்டரிடமும் காட்டிவிட்டேன், ஒரு கப் சரி என்றார். நேற்று அப்பா கடலையோடு கப் தர்பூசணி சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் வழக்கமான அளவிலேயே இருந்தது. இன்னும் சில நாள் பார்த்து எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

இரவுப்பணி:

சந்தோஷம் தம்பி. எழுதிவைக்கும்போது கிராமையும் சேர்த்து எழுதுங்கள். இனிப்பான பழம் கிடைத்த அன்றைக்குக் கப் கொஞ்சம் கொஞ்சமாகக் குவியத் தொடங்கும்.